மண்டபத்து உப்புக்காற்றில் பிரெம்போ டிஸ்க், கர்லிங் பேடு: வீட்டு வாசலில் நானே மாட்டியது

வண்டி 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல். முன் சக்கரங்களுக்கு துருவைத் தடுக்க யு.வி. கோட்டிங் (பூச்சு) போட்ட, இத்தாலியின் பிரெம்போ கம்பெனி பிரேக் டிஸ்க் ஒரு ஜோடியும், அதை உரசிப் பிடிக்கிற டி.வி.எஸ். கர்லிங் பேடு ஒரு செட்டும் வாங்கி, போன மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டு வாசலிலேயே மாட்டினேன். அதற்குப் பிறகு கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஒரு சீசன் முழுக்க மணலையும் உப்பையும் வாரி அடித்துவிட்டுப் போனது. வாடையும் மழையும் வந்து போயின. இப்போதுதான் இதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மாட்டிய மறுநாளே எல்லா டிஸ்க்கும் நன்றாகத்தான் இருக்கும்.

மதுரைக்காரர்களும் கோவைக்காரர்களும் இதைப் படித்துவிட்டு அவசரப்பட்டு ஆர்டர் போட வேண்டாம். உங்கள் ஊரில் டிஸ்க் தேய்ந்து சாகும். ராமேசுவரம் போகிற வழியிலுள்ள எங்கள் மண்டபம் ஊரில் தேய்வதற்கு முன்பே துருப்பிடித்துச் சாகும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் அதிகக் காசு கொடுத்தேன். டிஸ்க் இரண்டும் சேர்ந்து ஐந்தாயிரத்தைத் தொட்டது, பேடு ஆயிரத்துச் சொச்சம். சாதாரண டிஸ்க் இதைவிட நன்றாகவே மலிவாகக் கிடைக்கும். கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருந்தால் நானும் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

மண்டபத்தில் வடகடலும் பக்கம், தென்கடலும் பக்கம். எந்தக் காற்று அடித்தாலும் ஏதாவது ஒரு கடலின் உப்பு வந்து சேரும். நான் அரசுப் பள்ளியில் வேதியியல் டீச்சர், அதனால் இதை ஒரு பத்தியாவது சொல்லாமல் இருக்க முடியாது. பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. பேடு உரச வேண்டும் என்பதால் அதன் முகத்துக்குப் பெயின்ட் அடிக்க வழியில்லை. கடல் உப்பில் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு மட்டுமில்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மழை நின்றால் மதுரையில் இரும்பு காய்ந்துவிடும். இங்கே மேலே படிந்த உப்பு, வெயிலடிக்கும்போதும் இரும்பைக் காயவிடாது. ஈரம், உப்பு, ஆக்சிஜன் மூன்றும் இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்தால் இரும்பு என்னதான் செய்யும்?

பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்றுவதே பல தலைமுறைகளுக்கு வேலையாக இருந்தது. கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், பாலிசிலோக்சேன் என்ற விசேஷப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பூச்சில்லாமல் இந்தக் கடலில் எதுவும் நிற்காது என்று ரயில்வேயே ஒப்புக்கொண்ட பிறகு, என் காருக்கு மட்டும் சும்மா இரும்பு எதற்கு என்று தோன்றியது.

பழைய டிஸ்க்கின் கதை சுருக்கமாக. பிரேக் மிதித்தால் பெடலில் ஒரு துடிப்பு, இடது பக்கம் லேசாக இழுவை. ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். சக்கரத்தைக் கழற்றாமலே, ஆலாய் சக்கரத்தின் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் பளபளன்னுதானே இருக்கு, காலிப்பர்தான் போச்சு, ரெண்டும் மாத்தணும்" என்றார்கள். பேடை டிஸ்க்கோடு அழுத்துகிற பாகம்தான் காலிப்பர். சொன்ன தொகையைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் வெளி முகம் உண்மையிலேயே பளபளப்புதான். கை விரலைப் பின்னால் விட்டு உள் முகத்தைத் தடவினால் முழுக்கப் பள்ளமும் மேடும். டிஸ்க்கின் விளிம்பிலிருந்து துரு மீன் செதிள் மாதிரி உதிர்ந்தது. எங்கள் பகுதியில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள்: உள் முகத்தைப் பாருங்கள். வெளியே தெரிகிற முகம் எதையும் சொல்லாது.

உள் முகம் ஏன் முதலில் போகிறது என்றால், இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் உண்டு. பிஸ்டன் உள்பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி வெளிப்பேடை இழுத்து அழுத்தும். அந்தப் பின்கள் துருவில் இறுகிவிட்டால் வழுக்கல் போச்சு. அப்புறம் ஒரு பேடு மட்டும் மாடு மாதிரி உழைக்கும், இன்னொன்று சும்மா உட்கார்ந்திருக்கும். என் வண்டியில் இடது பக்க உள்பேடு தகடு வரைக்கும் போயிருந்தது, வெளிப்பேடில் பாதிக்கு மேல் மிச்சம். அதுவும் எங்கோ ஆன்லைனில் வாங்கிய, பெயர் சொல்லத் தேவையில்லாத பேடு. அதன் ஓரத்தில் தகட்டுக்கும் உரசும் பொருளுக்கும் நடுவே துரு புகுந்து, நகத்தை விட்டு நெம்பினால் கழன்று வந்துவிடும் போல இருந்தது. காலிப்பருக்கு ஒன்றுமில்லை. அந்தப் பின்கள் இரண்டையும் சுத்தம் செய்து புது ரப்பர் பூட் போட்டால் தீர்ந்தது.

சாமான் வாங்கியது ராமநாதபுரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில். "ஆள் யாரையாவது அனுப்பியிருக்கலாமே டீச்சர்" என்றார் கடைக்காரர். "நான்தாண்ணே அந்த ஆள்" என்றேன். அதற்குப் பிறகு மரியாதையாகத்தான் பேசினார். கோட்டிங் போட்ட டிஸ்க் கையில் இல்லை என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போன் போட்டார். பஸ் பார்சலில் மறுநாள் வந்துவிட்டது. வண்டி மாடலும் வருடமும் மட்டும் போதாது, ஆர்.சி.யைக் கொண்டுபோங்கள். ஒரே பெயரில் வந்த வண்டிகளிலேயே டிஸ்க் அளவு மாறும். பிரித்ததும் பழையதின் பக்கத்தில் வைத்து விட்டம், உயரம், துளைகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொன்னேன்.

பேடோடு கூடவே நான் கேட்டு வாங்கியவை: காலிப்பர் பின் கிட், பேடு உட்காரும் எஃகுக் கிளிப் ஒரு செட், பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்னப் பாக்கெட். எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், கடலோரத்தில் இந்தச் சில நூறு ரூபாய் சாமான்தான் ஐயாயிரம் ரூபாய் டிஸ்க்கைக் காப்பாற்றுகிறது. டிஸ்க்கையும் பேடையும் மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கிளிப்பையே திரும்ப மாட்டுகிற மெக்கானிக்குகள் நிறையப் பேர். ஆறு மாதத்தில் மறுபடி அவர்களிடமே போக வேண்டியதுதான்.

இனி டிஸ்க். அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் வந்தது. உறையைப் பிரித்தால் வெள்ளிச் சாம்பல் நிறத்தில், கையில் எண்ணெய் பிசுபிசுப்பே இல்லாமல் இருந்தது. சாதாரண டிஸ்க்கைக் கம்பெனியிலேயே துரு எதிர்ப்பு எண்ணெய் தடவி அனுப்புவார்கள். அதை பிரேக் கிளீனர் அடித்துச் சுத்தமாகத் துடைக்காவிட்டால் பேடு எண்ணெய் குடித்துக் கெட்டுப்போகும். இதில் எண்ணெய்க்குப் பதிலாகப் பூச்சுதான் காவல், அதனால் துடைக்கிற வேலை மிச்சம். பேடு உரசுகிற இடத்திலுள்ள பூச்சு முதல் சில பிரேக்கிலேயே போய்விடும். நடுக்கிண்ணத்திலும் விளிம்பிலும் நிலைத்து நிற்கும். இளவட்டங்கள் கே.டி.எம். ட்யூக் பைக்கில் 'பைபிரே' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே இத்தாலிக் கம்பெனி சின்ன, நடுத்தர பைக்குகளுக்காக வைத்த பெயர்தான். கர்லிங் நம்ம சென்னை பாடியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் சரக்கு.

மாட்டுகிற வேலைக்கு வருவோம். என் கணவர் கத்தாரில். வீடியோ காலில் அறிவுரை சொல்ல அவர், பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்ல அவருடைய தம்பி. கொழுந்தனுக்குப் பாம்பனில் விசைப்படகு எஞ்சின் வேலை. தடைக்காலத்தில் படகுகளெல்லாம் கரையேறி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பதால் பகலில் அவர் ஆளே கிடைக்க மாட்டார். சாயங்காலம்தான் வந்தார், வரும்போது நல்ல டூல் பெட்டியோடு வந்தார்.

எங்கள் பக்கம் வாசலில் பாதி மணல். ஜாக்கை நேராக மணலில் வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்தான் இறங்கும். படகுப் பலகைத் துண்டு ஒன்றை அடியில் போட்டேன். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கருங்கல். ஏற்றுவதற்கு முன்பே வீல் நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட வேண்டும், அந்தரத்தில் சக்கரம் சுற்றும், நட்டு கழலாது. ஏறியதும் ஜாக் ஸ்டாண்டைக் கொடுத்து வண்டியை அதில் உட்கார வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. வண்டியோடு வருகிற ஜாக்கை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். இந்த ஒன்றில் நான் யாரோடும் பேரம் பேசத் தயாரில்லை. ஸ்டாண்டு வாங்க மனமில்லை என்றால் இந்த வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு சாக்கெட்டை எடுத்து வைத்தால் பெரும்பாலும் வேலை ஓடிவிடும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்தால் பின்னாலிருக்கிற, காலிப்பரைத் தாங்குகிற பிராக்கெட்டின் போல்ட்டுக்குக் கை எட்டும். கழற்றிய காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்க விடக் கூடாது. கொழுந்தன் வலைக்கயிறு ஒன்றை எடுத்து ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டினார். அவர் போட்ட முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் கடைசியில் நான் கத்தரிக்கோலைத் தேடியது வேறு கதை.

வலது டிஸ்க் இரண்டு தட்டில் வந்துவிட்டது. இடதுதான், சக்கரம் உட்காருகிற ஹப்போடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. நான் பெரிய சுத்தியலைத் தேடினேன்.

"அண்ணி, சுத்தியலை வைங்க. பேரிங்ல அடி விழும்."

"அப்ப எப்படிடா கழற்றுறது?"

"இந்த ரெண்டு ஓட்டை எதுக்கு இருக்குன்னு நெனைச்சீங்க?"

டிஸ்க்கின் நடுக்கிண்ணத்தில் வீல் நட்டுத் துளைகளுக்கு நடுவே மரையிட்ட சின்னத் துளைகள் இரண்டு உண்டு. 8 மில்லி போல்ட் போகும். துளைக்குள் துரு மண்டி மரையே தெரியவில்லை. மரை வெட்டுகிற டேப் கருவியைப் போட்டுச் சுத்தம் செய்தார், டீசல் இரண்டு சொட்டு விட்டார், இரண்டு போல்ட்டையும் கையால் திருகி முட்ட வைத்தார். அப்புறம் ஸ்பேனரில் இதற்குக் கால் சுற்று, அதற்குக் கால் சுற்று. ஒன்றை மட்டும் இறுக்கினால் டிஸ்க் சாய்ந்து மரை போய்விடும். ஐந்தாறு கால் சுற்றுகள் வரைக்கும் ஒன்றுமே நடக்கவில்லை, போல்ட் முறிந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சுற்றில் கோயில் மணி போல ஒரே சத்தம், டிஸ்க் ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றது. கத்தாரிலிருந்து, "என்ன உடைஞ்சிச்சு?" என்று குரல்.

பழைய டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சக் கனம் இத்தனை மில்லி என்று அச்சாகியிருக்கும். பெரும்பாலும் புது டிஸ்க்கின் கனத்திலிருந்து இரண்டு மில்லி குறைவாக இருக்கும். என்னுடையது அந்த எல்லையைத் தொடவே இல்லை. நான் மேலே சொன்னது இதுதான்: தேய்மானக் கணக்கில் இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டிய டிஸ்க், துருவால் மட்டுமே தூக்கிப் போடப்பட்டது.

இந்த வேலையில் அதிக நேரம் பிடித்தது கழற்றுவதும் இல்லை, மாட்டுவதும் இல்லை. இரண்டு இடங்களைச் சுத்தம் செய்வதுதான். ஒன்று ஹப்பின் முகம். அதில் நெல்மணி கனத்துக்குத் துரு மிச்சமிருந்தாலும் புது டிஸ்க் கோணலாக உட்காரும். எவ்வளவு நல்ல டிஸ்க்காக இருந்தாலும் சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் துடிக்க ஆரம்பிக்கும், பழி டிஸ்க்கின் மேல் விழும். கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள். இரும்பு நிறம் தெரிகிற வரைக்கும் தேய்த்தேன்.

இன்னொன்று பிராக்கெட்டில் பேடின் காது உட்காருகிற பள்ளம். பழைய கிளிப்பை எடுத்தால் அடியில் துரு அடுக்கடுக்காகப் பொங்கி நிற்கும். கிளிப் துருப்பிடிக்காது, ஆனால் அடியிலிருக்கிற வார்ப்பிரும்பு துருப்பிடித்து வீங்கிக் கிளிப்பை மேலே தள்ளும். பேடு அந்தப் பள்ளத்தில் இறுகி, பிரேக்கை விட்ட பிறகும் டிஸ்க்கோடு உரசிக்கொண்டே போகும். மைலேஜ் குறையும், சக்கரம் சுடும், ஒரு பேடு மட்டும் தேயும். தட்டையான அரத்தால் துருவை மட்டும் எடுக்க வேண்டும், இரும்பைத் தின்றுவிடக் கூடாது. புதுக் கிளிப்பை வைத்து, பேடை விரலால் தள்ளிப் பார்த்தேன். விரலுக்கு வழுக்கினால் சரி, சுத்தியல் கேட்டால் இன்னும் அரம் கேட்கிறது என்று அர்த்தம்.

கிரீஸ் விஷயத்தில்தான் கொழுந்தனோடு சண்டை. அவர் கையில் படகுக்குப் போடுகிற கிரீஸ். "கடல் தண்ணியிலயே நிக்கும் அண்ணி, இதைவிட என்ன வேணும்?" தண்ணீரில் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அது பெட்ரோலிய எண்ணெய் கிரீஸ். பிரேக்கிலுள்ள ரப்பர் பூட்டும் சீலும் அந்த எண்ணெய் பட்டால் ஊறி வீங்கிவிடும், காலிப்பர் பின்கள் மறுபடி இறுகும். சிலிக்கான் கிரீஸ் ரப்பரை ஒன்றும் செய்யாது. என் பாடத்தில் என்னிடமே வாதாட முடியாமல் டப்பாவை மூடி வைத்துவிட்டார். காலிப்பர் பின்கள் இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் சில காலிப்பர்களில் ஒன்றில் மட்டும் ரப்பர் வளையம் உண்டு. மேலே இருந்தது மேலேயே, கீழே இருந்தது கீழேயே போக வேண்டும்.

புதுப்பேடு கனமாக இருக்கும் என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடைக் குறுக்கே வைத்து சி கிளாம்ப்பால் மெதுவாகத் திருகினால் போய்விடும். அப்போது பானட்டுக்குள் ஆயில் டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். இடையில் யாராவது மேலே ஊற்றி நிரப்பியிருந்தால் வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். முன்கூட்டியே ஊசி போடும் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டேன். அந்த ஆயிலின் நிறம் கடுங்காப்பி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், குடித்தால் கொதிநிலை குறையும். எங்கள் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. எந்த ரகம் என்பது டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்து வண்டியை இறக்கியதும், சாவியைத் தொடுவதற்கு முன்னால் பெடலை மிதியுங்கள். முதல் மிதி தரையைத் தொடும். பயப்பட வேண்டாம், பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொடும்வரை அப்படித்தான். கெட்டியாகும் வரைக்கும் மிதித்துக்கொண்டே இருங்கள். இதைச் செய்யாமல் ரிவர்ஸ் எடுத்துச் சுவரில் சாத்தியவர்கள் உண்டு.

பேடைப் பழக்க அதிகாலையில் உச்சிப்புளிப் பக்கம் போனேன். தேசிய நெடுஞ்சாலை 87இல் அந்த நேரத்துக்கு ராமேசுவரம் போகிற வேன்கள் மட்டும்தான். அறுபது வேகத்துக்குப் போய், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, நிதானமாக அழுத்தி இருபதுக்கு இறக்கி, மறுபடி அறுபது. எட்டு, பத்து முறை. முழுசாக நிறுத்தவே கூடாது. சூடான டிஸ்க்கில் பேடை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் மட்டும் பேடின் பொருள் அப்பிக்கொள்ளும், பிற்பாடு துடிப்பாகத் தெரியும். அப்புறம் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பிரேக் பிடிப்பு எப்படி? பாம்பன் சாலைப் பாலத்தில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் தெரியும். முன்னால் போகிற வெளியூர் வண்டி, ரயில் பாலத்தைப் பார்த்ததும் சிக்னல் கூடப் போடாமல் நடுப்பாலத்தில் நின்றுவிடும். நாலு கதவும் திறந்து குடும்பமே செல்ஃபிக்கு இறங்கும். அங்கே ஒரு நாள் முழுப் பாதத்தையும் வைக்க வேண்டி வந்தது. வண்டி நேர்கோட்டில் நின்றது, இழுவை இல்லை, துடிப்பு இல்லை. கர்லிங் பேடின் கடி முதல் தொடுதலிலேயே பாய்கிற ரகமில்லை, மிதிக்க மிதிக்கச் சீராக ஏறுகிற ரகம். ஆடும் மாடும் சீமைக் கருவேலப் புதரிலிருந்து திடீரென்று வெளியே வருகிற எங்கள் ரோட்டுக்கு இந்தச் சீரான பிடிப்புதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆலாயில் கறுப்புத் தூசியும் முன்னைவிடக் குறைவு.

கச்சான் சீசன் முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். இடையில் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கும் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு போய் வந்திருந்த வண்டி. இரண்டு பக்கமும் கடல், தார் ரோட்டின் மேலேயே மணல் ஓடுகிற இடம் அது. நடுக்கிண்ணம் இன்னும் சாம்பல் நிறமாகவே இருந்தது. விளிம்பில் துருச் செதில் கட்டவில்லை. உள் முகத்தைத் தடவினேன், வெளி முகம் மாதிரியே வழவழப்பு. பழைய டிஸ்க் இதே கால அளவில் விளிம்பெல்லாம் பழுப்பேறியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் டிஸ்க்குக்கு ஐந்து, பேடுக்கு நாலரை. அந்த அரை மார்க்கை ஏன் குறைத்தேன் என்றால், முழு மார்க் போட்டால் பசங்க படிக்க மாட்டார்கள் என்கிற தொழில் பழக்கம்தான், வேறு காரணமில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேடு உரசுகிற முகம் எந்தக் கம்பெனி டிஸ்க்கிலும் துருப்பிடிக்கும். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் ஆரஞ்சு நிறம், முதல் பிரேக்கில் கரகர சத்தம், சில சமயம் வண்டி நகரும்போது 'டக்' என்று பேடு பிரியும் ஓசை. தெருமுனை தாண்டுவதற்குள் போய்விடும். கோட்டிங் டிஸ்க் வாங்கியும் துருவா என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். லீவுக்கு ஊருக்குப் போய் வாரக்கணக்கில் வண்டி நின்றால்தான் சிக்கல், அதற்குப் பூச்சு உதவாது. பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், நாலு நாளைக்கு ஒரு தடவை தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும்.

கழுவுவதில் ஒரு விஷயம். தனுஷ்கோடி போய் வந்தால் சக்கரத்தைக் கழுவ வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தத் தண்ணீரில் என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்பு, அதில் கழுவுவதும் கடலில் முக்கி எடுப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. குழாயில் வருகிற காவிரித் தண்ணீரைக் காருக்கு ஊற்றினால் மாமியார் சும்மா விட மாட்டார். அரிசி களைய, குடிக்க வைத்திருக்கிற தண்ணீர் அது. அதனால் முழு வண்டிக்கும் இல்லை, ஒரு சக்கரத்துக்கு ஒரு செம்பு, ஆலாய் இடைவெளி வழியாக டிஸ்க்குக்கும் காலிப்பருக்கும் மட்டும். ஊற்றியதும் அப்படியே நிறுத்திவிடக் கூடாது. தெருவில் ஒரு சுற்றுப் போய் லேசாகப் பிரேக் பிடித்துச் சூடேற்றிக் காய வைத்துவிட்டு நிறுத்துகிறேன்.

அடுத்தது பின் சக்கரம். ஸ்விஃப்ட்டில் பின்னால் டிஸ்க் இல்லை, டிரம். கோட்டிங் டிரம் கிடைக்குமா என்று ராமநாதபுரம் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்கியதும் கொழுந்தனின் சாயங்காலங்களில் ஒன்றைப் பிடித்துவிட வேண்டும். அதுவரைக்கும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நாள்கணக்கில் நிறுத்துவதில்லை. இந்தக் காற்றில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு அதே கருங்கல்லை அண்டை கொடுத்து வைத்திருக்கிறேன்.